அப்பா ஒரு நாய், பையன் ஒரு மனுசன்: ‘மிஸ்டர் பீபாடி’ கேட்கும் கேள்விக்கு திருப்பூரில் என்ன பதில்?

தெருவில் கிடந்த நாய்க்குட்டியை ஒரு சிறுவன் வீட்டுக்குத் தூக்கி வருவது பழகிப்போன கதை. அதை அப்படியே தலைகீழாகப் போட்டால்? தெருவில் கிடந்த ஒரு மனிதக் குழந்தையை ஒரு நாய் எடுத்து வளர்க்கிறது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறது. சாயந்திரமானால் டைம் மிஷினில் ஏற்றி, வரலாற்றுப் பாடத்தை நேரிலேயே காட்டிக் கூட்டி வருகிறது. 2014-ல் வெளியான ‘மிஸ்டர் பீபாடி அண்ட் ஷெர்மன்’ அனிமேஷன் படத்தின் கதை இதுதான்.

குழந்தைகளுக்கு இது ஒன்றரை மணி நேர சிரிப்புப் படம். கூடவே உட்கார்ந்து பார்க்கும் பெரியவர்களுக்கு அதில் ஒரு கேள்வி இருக்கிறது: ஒரு குழந்தைக்கு அப்பா, அம்மா யார் என்பதை யார் முடிவு செய்வது? பெற்றவரா, வளர்த்தவரா, அரசாங்கமா, அந்தக் குழந்தையா? அம்மாயி வீட்டிலும் சித்தப்பா வீட்டிலும் பக்கத்து வீட்டு அக்கா கையிலும் குழந்தைகள் வளரும் திருப்பூர் மாதிரியான ஊருக்கு இது கற்பனைக் கேள்வி இல்லை.

யார் இந்த பீபாடி?

பீபாடி இன்று நேற்று பிறந்த பாத்திரம் இல்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1959-ல் ஜே வார்டு தயாரித்த கார்ட்டூன் நிகழ்ச்சியில் சில நிமிடத் துணுக்காக வந்த நாய் அது. பாத்திரத்தை உருவாக்கியவர் டெட் கீ. கண்ணாடி, போ டை, எல்லாம் தெரிந்த பேச்சு. ஷெர்மன் அப்போது அதன் வளர்ப்புப் பையன் என்பதைவிட, கேள்வி கேட்பதற்கு ஓர் ஆள் என்ற அளவில்தான் இருந்தான்.

ஐம்பது ஆண்டுகள் கழித்து இதை முழுநீளப் படமாக்கிய டிரீம்ஒர்க்ஸ் நிறுவனம் அந்த உறவையே கதையின் மையமாக்கியது. இயக்குநர் ராப் மின்காஃப், ‘லயன் கிங்’ படத்தின் இரு இயக்குநர்களில் ஒருவர். 1999-ல் அவர் எடுத்த ‘ஸ்டூவர்ட் லிட்டில்’ படத்தில் ஒரு மனிதக் குடும்பம் எலி ஒன்றைத் தத்தெடுக்கும். 15 ஆண்டு கழித்து வந்த இந்தப் படத்தில் நாய் மனிதனைத் தத்தெடுக்கிறது. ரத்த உறவில்லாத குடும்பம் எப்படிக் குடும்பம் ஆகிறது என்பது அவர் மறுபடி மறுபடி வரும் இடம்.

சுமார் 14 கோடியே 50 லட்சம் டாலர் செலவில் எடுத்த இந்தப் படம் உலகம் முழுக்க ஏறக்குறைய 27 கோடி டாலர் வசூலித்தது. தியேட்டர் பங்கு, விளம்பரச் செலவெல்லாம் போக டிரீம்ஒர்க்ஸுக்கு நஷ்டம்தான். ஆனாலும் வீட்டில் குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்க இன்றைக்கும் நல்ல படம்.

கதையில் என்ன நடக்கிறது?

பீபாடி நோபல் பரிசு வாங்கிய நாய். ஒலிம்பிக் பதக்கம், தொழில், கண்டுபிடிப்பு என்று அது தொடாத துறை இல்லை. ஆனால் குட்டியாக இருந்தபோது அதை யாருமே வீட்டுக்கு எடுத்துப்போகவில்லை. அப்படிப்பட்ட பீபாடி ஒருநாள் சந்தில், அட்டைப்பெட்டியில் கிடந்த கைக்குழந்தையைப் பார்க்கிறது. கோர்ட்டுக்குப் போகிறது. பையன் நாயைத் தத்தெடுக்கலாம் என்றால், நாய் பையனைத் தத்தெடுக்க ஏன் கூடாது என்பது நீதிபதியின் முடிவு.

ஏழு வருசம் நிம்மதியாகப் போகிறது. ‘வேபேக்’ என்ற டைம் மிஷினில் இருவரும் பிரெஞ்சுப் புரட்சியைப் பார்க்கிறார்கள், லியனார்டோ டாவின்சியோடு பழகுகிறார்கள். ஷெர்மன் பள்ளிக்கூடம் போகிற முதல் நாளில்தான் சிக்கல் ஆரம்பம். பென்னி என்ற வகுப்புத் தோழி, ‘உன் அப்பா நாய், அப்ப நீயும் நாய்தானே’ என்ற ரீதியில் சீண்ட, கைகலப்பில் ஷெர்மன் அவளைக் கடித்துவிடுகிறான்.

அடுத்து வருகிறார் மிஸ் க்ரூனியன், குழந்தைகள் நலத் துறை அதிகாரி. ‘நாய் வளர்த்தால் பையன் கடிக்காமல் என்ன செய்வான்?’ என்பதுதான் அவர் நினைப்பு. வீட்டுக்கு வந்து பார்ப்பேன், சரியில்லை என்றால் பையனைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்கிறார். சமாதானம் பேச பென்னி குடும்பத்தை பீபாடி விருந்துக்கு அழைக்க, ஷெர்மன் கெத்து காட்ட அவளை டைம் மிஷினில் ஏற்ற, எகிப்து, ஃபிளாரன்ஸ், டிராய் போர்க்களம் என்று கதை பறக்கிறது.

கடைசியில் போலீஸ், அதிகாரி, வரலாற்றுத் தலைவர்கள் என எல்லோரும் சுற்றி நிற்க, பீபாடியைப் பிடித்துக்கொண்டு போகப் பார்க்கிறார்கள். எந்த வார்த்தை அவமானமாக இருந்ததோ அதையே ஷெர்மன் எல்லோர் முன்னாலும் ஏற்றுக்கொள்கிறான். அன்பு காட்டுவதும் கூடவே நிற்பதும்தான் நாயாக இருப்பது என்றால், நானும் நாய்தான் என்கிறான். சீண்டிய பென்னியே அவனுக்குப் பின்னால் வந்து நிற்கிறாள். அதுவரை வீட்டில் யார் யாரை வளர்க்கலாம் என்று பெரியவர்கள்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். பையனை யாருமே கேட்கவில்லை.

டைம் மிஷின் ஏறினால் ஏன் அப்பா அம்மாவைத் தேடிப் போகிறார்கள்?

தமிழிலும் டைம் டிராவல் படங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் முக்கியமான ‘இன்று நேற்று நாளை’ (2015) படத்தை இயக்கிய ஆர். ரவிக்குமார் திருப்பூர்க்காரர். 2065-ல் செய்த கால இயந்திரம் 2015-ல் இருக்கும் இரண்டு சாதாரண இளைஞர்கள் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்பது கதை. அவர்கள் உலகத்தைக் காப்பாற்றக் கிளம்பவில்லை. தொலைந்துபோன பொருளைக் கண்டுபிடித்துக் கொடுத்துக் காசு பார்க்கிறார்கள். எந்த மிஷின் வந்தாலும் ‘இதை வச்சு என்ன தொழில் பண்ணலாம்’ என்று யோசிக்கிற ஊர்க்காரர் எழுதிய கதை என்று திருப்பூர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகு வந்த தமிழ்ப் படங்களைப் பார்த்தால் ஒரு ஒற்றுமை இருக்கிறது. விக்ரம் குமார் இயக்கிய ‘24’ (2016) படத்தில், கொலைக்குத் தப்பி ஓடும் விஞ்ஞானி தன் கைக்குழந்தையை ரயிலில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் கொடுத்துவிடுகிறார். அவர்தான் அவனுக்கு அம்மா ஆகிறார். சரண்யா பொன்வண்ணன் நடித்த பாத்திரம் அது. ‘கணம்’ (2022) படத்தில் இறந்துபோன அம்மாவைக் காப்பாற்ற மகன் தன் சின்ன வயசுக்கே திரும்பிப் போகிறான். அம்மாவாக அமலா. ‘மார்க் ஆண்டனி’ (2023) படத்தில் காலத்தைத் தாண்டிப் பேசும் ஒரு போன் கிடைக்கிறது. தன்னை வளர்த்தவர் யார், தன் அப்பா உண்மையில் எப்படிப்பட்டவர் என்ற விஷயம் அதனால்தான் நாயகனுக்குத் தெரியவருகிறது.

கையில் டைம் மிஷின் கிடைத்தும், இந்தப் படங்களில் யாரும் ராஜராஜ சோழனைப் பார்க்கப் போகவில்லை. போவது அம்மாவிடம், இல்லாவிட்டால் அப்பாவிடம். ஹாலிவுட்டின் ‘பேக் டு தி ஃபியூச்சர்’ (1985) படத்திலும் மகன் போய்ச் சேருவது தன் அப்பா அம்மாவின் இளமைக் காலத்துக்குத்தான். ‘என்னை யார் வளர்த்தார்கள், ஏன் அப்படி வளர்த்தார்கள்’ என்பதைத் தெரிந்துகொள்ள எல்லோருக்கும் ஆசை. டைம் மிஷின் அதற்கு ஒரு சாக்கு.

திருப்பூரில் பீபாடிகள் யார்?

பனியன் கம்பெனி வேலையின் கணக்கு தெரிந்தவர்களுக்கு ‘ஒன்றரை ஷிஃப்ட்’ என்றால் விளக்கம் தேவையில்லை. காலை எட்டரைக்கு உள்ளே போனால் ராத்திரி எட்டரை, ஒன்பது. ஆர்டர் அவசரம் என்றால் அதற்கும் மேலே. அம்மா செக்கிங், அப்பா ஓவர்லாக் என்று இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்கு யார் சோறு போடுவது?

அங்கேதான் பீபாடிகள் வருகிறார்கள். லைன் வீட்டில் நாலு வாசல் தள்ளி இருக்கும் அக்கா. ஊரிலிருந்து வந்து தங்கிவிட்ட அம்மாயி. கல்யாணம் பண்ணிக்கொள்ளாத மாமா. தேனி, ராமநாதபுரம் பக்கமிருந்தும், பீகார், ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்த குடும்பங்கள் பலவற்றில் பிள்ளை ஓரிடம், பெற்றோர் ஓரிடம். பெற்றவர்களில் ஒருவர் இறந்துபோய், இன்னொருவர் வேறு வாழ்க்கைக்குப் போய்விட்டால் தற்காலிக ஏற்பாடே நிரந்தரம் ஆகிவிடும். ‘பையனோட அப்பா அம்மா யாருங்க?’ என்று ஸ்கூலில் கேட்டால், ‘நாந்தானுங்க பாத்துக்கிறேன்’ என்று சொல்லும் பெரியம்மாக்கள் இந்த ஊரில் நிறைய.

சோறு, துணி, காய்ச்சலுக்கு ஊசி எல்லாம் அவர்கள் கையில். ஆனால் காகிதத்தில் அவர்கள் யாருமில்லை. ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குக் கையெழுத்து, பேங்க் கணக்கு, பாஸ்போர்ட் என்று வரும்போதுதான் அது உறைக்கும். ஏழு வருசம் கேட்காத பெற்றோர் திடீரென்று வந்து ‘எம்புள்ளையக் குடு’ என்றால் இன்னும் சிக்கல். மிஸ் க்ரூனியன் கதவைத் தட்டும் நாள் யாருக்கும் வரலாம்.

பீபாடி திருப்பூரில் இருந்தால் சட்டம் என்ன சொல்லும்?

படத்தில் நீதிபதி ஒரே நாளில் சரி என்று சொல்லிவிடுகிறார். இங்கே அது அவ்வளவு சுலபம் இல்லை. குழந்தைகள் விஷயத்தில் முக்கியமானது 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். அதன்படி படிப்படியாகப் பார்க்கலாம்.

சந்தில் கிடந்த குழந்தையை வீட்டுக்கு எடுத்துப்போய் வளர்க்கலாமா? கூடாது. கைவிடப்பட்ட குழந்தையைப் பார்த்தவர் 24 மணி நேரத்துக்குள் 1098 குழந்தைகள் உதவி எண், போலீஸ், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தைகள் நலக் குழு ஆகியவற்றில் ஒன்றுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் வைத்துக்கொள்வதே குற்றம். ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் உண்டு. முறைப்படி இல்லாமல் குழந்தையைக் கொடுப்பது, வாங்குவது இரண்டுக்கும் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ‘நல்ல மனசோடதான் எடுத்தேன்’ என்பது பதில் ஆகாது. அந்தக் குழந்தையை அதன் அம்மா எங்கோ தேடிக்கொண்டு இருக்கலாம் என்பதால்தான் இந்தக் கண்டிப்பு.

யார் முடிவு செய்வது? இங்கே ஒரே ஒரு க்ரூனியன் முடிவெடுக்க முடியாது. குழந்தைகள் நலக் குழுவில் ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருப்பார்கள். ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். பெற்றோரைத் தேடி, கிடைக்கவில்லை என்றால்தான் அந்தக் குழந்தையைத் தத்துக் கொடுக்கலாம் என்று குழு அறிவிக்கும். இரண்டு வயசுக்கு உட்பட்ட குழந்தை என்றால் இரண்டு மாதம், அதற்கு மேல் என்றால் நான்கு மாதம் இதற்கு அவகாசம்.

கண்டெடுத்தவருக்கு முன்னுரிமை உண்டா? இல்லை. தத்தெடுக்க விரும்புகிறவர்கள் மத்திய தத்தெடுப்பு வள ஆணையமான ‘காரா’வின் இணையதளத்தில் பதிவு செய்து வரிசையில் காத்திருக்க வேண்டும். காத்திருப்பவர்கள் அதிகம், குழந்தைகள் குறைவு. மூன்று ஆண்டுக்கு மேல் ஆவது சாதாரணம்.

கல்யாணம் ஆகாதவர் தத்தெடுக்கலாமா? தாராளமாக. தனி ஆண் பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது, அவ்வளவுதான். ஷெர்மன் பையன் என்பதால் பீபாடி இதில் தப்பித்துவிடும். ஆனால் குழந்தைக்கும் பெற்றோருக்கும் குறைந்தது 25 வயசு வித்தியாசம் வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. நாயின் ஆயுசுக்கு அது நடக்கிற காரியமே இல்லை. தனி நபர் என்றால் இரண்டு வயசுக்குள் இருக்கும் குழந்தையைத் தத்தெடுக்க 40 வயசு உச்ச வரம்பு. குழந்தையின் வயசு கூடக் கூட அதுவும் 55 வரை கூடும்.

கடைசி உத்தரவு யாருடையது? முன்பு கோர்ட். 2021-ல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, 2022 செப்டம்பர் முதல் கலெக்டர். வீட்டுக்கு வந்து விசாரித்து எழுதும் அறிக்கை முன்கூட்டியே உண்டு. தத்தெடுத்த பிறகும் இரண்டு ஆண்டுகளுக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பார்கள். அப்படி வருகிறவர் எதிரி இல்லை. க்ரூனியன் தப்பு செய்தது வீட்டுக்கு வந்ததில் இல்லை, வருவதற்கு முன்பே முடிவு செய்துவிட்டதில்தான்.

சொந்தக்காரர் பிள்ளையை வளர்ப்பவர்கள் என்ன செய்யலாம்?

இதுதான் திருப்பூருக்கு ரொம்பத் தேவையான பகுதி. தாத்தா பாட்டி, மாமா, அத்தை, சித்தி, சித்தப்பா, பெரியப்பா, பெரியம்மா போன்றவர்களைச் சட்டம் ‘உறவினர்’ என்று ஏற்கிறது. இவர்கள் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. பெற்றோரின் சம்மதத்தோடு, பெற்றோர் இல்லை என்றால் குழந்தைகள் நலக் குழுவின் அனுமதியோடு, அந்தக் குறிப்பிட்ட குழந்தையையே தத்தெடுக்கலாம். காரா இணையதளத்தில் பதிவு உண்டு. குழந்தைக்கு ஐந்து வயசு ஆகிவிட்டால் அதன் சம்மதமும் கேட்க வேண்டும். பீபாடி படத்தில் யாரும் ஷெர்மனிடம் கேட்காத கேள்வியை இங்கே சட்டமே கேட்கச் சொல்கிறது.

இந்துக் குடும்பங்களுக்கு 1956-ம் ஆண்டின் தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம் இன்னொரு வழி. பொதுவாகப் பிள்ளைக்கு 15 வயசு ஆகியிருக்கக் கூடாது. பொதுவாகக் கொடுப்பவர் பெற்றோராக இருக்க வேண்டும். பத்திரம் எழுதிப் பதிவு செய்துகொள்வது பின்னால் பிரச்சினை வராமல் காக்கும். வெறும் இருபது ரூபாய் பாண்டு பேப்பரில் எழுதி வாங்கி வைத்துக்கொண்டால் அது தத்து ஆகாது.

தத்தெடுக்கிற அளவுக்குப் போக வேண்டாம், பொறுப்பு மட்டும் முறையாக இருந்தால் போதும் என்பவர்கள் 1890-ம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின் கீழ் கோர்ட்டில் மனு போட்டு, சட்டப்படி காப்பாளர் ஆகலாம். ஆஸ்பத்திரிக் கையெழுத்து, பேங்க் கணக்கு போன்றவற்றுக்கு அந்த உத்தரவு கைகொடுக்கும்.

சொந்தமே இல்லாத பக்கத்து வீட்டு அக்கா? அவருக்கு உறவினர் வழி கிடையாது. ஆனால் மறைத்து வைப்பதைவிட, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் போய்ச் சொல்வதுதான் பாதுகாப்பு. வளர்ப்புப் பராமரிப்பு என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. தத்து இல்லாமல், குழுவின் உத்தரவோடு ஒரு குழந்தையை வீட்டில் வளர்ப்பது அது. 2024-ல் மத்திய அரசு மாற்றிய வழிகாட்டுதல்படி 35 முதல் 60 வயசு வரையுள்ள தனி நபர்களும் இதற்கு விண்ணப்பிக்கலாம். இரண்டு ஆண்டு நன்றாகப் போனால் தத்தெடுக்கவும் கேட்கலாம்.

பணத்துக்கும் வழி இருக்கிறது. மத்திய அரசின் ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தில், தகுதியுள்ள குழந்தைகளுக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. பெற்றோரை இழந்து உறவினரிடம் வளரும் குழந்தைகளுக்கு 18 வயசு வரை மாதம் 2,000 ரூபாய் தரும் ‘அன்புக் கரங்கள்’ திட்டத்தைத் தமிழக அரசு 2025 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. இரண்டுக்குமே குழந்தை யாரிடம் வளர்கிறது என்பது பதிவில் இருக்க வேண்டும்.

ஸ்கூல் அட்மிஷனுக்கு இதெல்லாம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். கல்வி உரிமைச் சட்டத்தின்படி வயதுச் சான்று இல்லை என்பதற்காக எட்டாம் வகுப்பு வரை எந்தக் குழந்தையையும் சேர்க்க மறுக்கக் கூடாது.

அப்ப, யார்தான் அப்பா அம்மா?

பீபாடிக்கு ஒரு பழக்கம். ஷெர்மன் பாசமாக ஏதாவது சொன்னால், அது நேராகப் பதில் சொல்லாது. உன்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு என்கிற மாதிரி புத்தகத் தமிழில் நழுவிவிடும். படம் முடியும்போதுதான் வாய்விட்டுச் சொல்கிறது. அதைச் சொல்ல அதற்குப் பாதி உலக வரலாற்றைச் சுற்றி வர வேண்டியிருக்கிறது.

திருப்பூரில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு நேரம்தான் பஞ்சம். பாசத்தை வாய்விட்டுச் சொல்வதும் இந்தப் பக்கத்து வழக்கம் இல்லை. ‘சாப்பிட்டியா சாமி’ என்பதிலேயே அது முடிந்துவிடும். பிள்ளைக்கு அதுவே போதும். ஆஸ்பத்திரிக்கும் பேங்குக்கும் கோர்ட்டுக்கும் அது போதாது. அதனால் அடுத்தவர் பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்க்கும் யாராவது வீட்டிலோ லைனிலோ இருந்தால், இந்தச் செய்தியை அவர்களுக்கு அனுப்பலாம். திருப்பூர் கலெக்டர் ஆபீஸில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு எங்கே என்று கேட்டாலும் வழி சொல்வார்கள். நேரில் போக முடியாவிட்டால் 1098-க்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம். காசு கிடையாது.